ஸ்டிக்கர் ஒட்டாத மெஷின்

என் முகம் விழுந்ததில் ஒரு கூரை உடைந்தது.

பன்னிரண்டடி உயரத்தில் நான் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்த பேனர் அது. ஆனி மாதக் காற்றில் ஒரு தடவை முன்னால் குனிந்து வணங்கியது. ஒரு தடவை பின்னால் சாய்ந்து யோசித்தது. அப்புறம் ஒரு முடிவுக்கு வந்ததுபோல், எங்கள் பழைய மாட்டுக் கொட்டகையின் சிமெண்ட் ஷீட் மேல் நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டது. 'கிரிவலம் வரும் பக்தகோடிகளே வருக வருக' என்ற வரவேற்பு முழுவதும் உள்ளே வேலை செய்துகொண்டிருந்த பெண்களுக்கும் ஒரு மெஷினுக்கும் போய்ச் சேர்ந்தது.

நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. தலையெல்லாம் வேர்க்கடலைத் தூசியோடு என் மனைவி எழிலரசி வெளியே வந்தாள். பேனரில் என் வாய் இருந்த இடத்தில் ஷீட் குத்திப் பெரிய ஓட்டை. அவள் அதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"இப்பதாங்க அசல் உங்கள மாதிரியே இருக்குது. வாய் மட்டும் தனியா."

இதில் அவமானம் என்னவென்றால், நான் பரம்பரைப் பந்தல்காரன். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி 'பிரகாஷ் சாமியானா' என்று போர்டு இருக்கும், அது நான்தான். சாமியானா, சேர், பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடுகிறேன். எத்தனையோ பேர் கல்யாணத்துக்கு நான் நட்ட கம்பம் புயலிலும் நின்றிருக்கிறது. என் முகத்துக்கு நட்டது மட்டும் நிற்கவில்லை. காரணமும் எனக்குத் தெரியும். குறுக்கே ஒரு கயிறு இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். கட்டினால் மூக்கின் மேல் கோடு போட்டதுபோல் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் பௌர்ணமி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்கள் அன்னதானக் குழு கிரிவலம் வருகிறவர்களுக்கு மோரும் சுண்டலும் கொடுக்கும். அதற்குத்தான் அந்தப் பேனர்.

இனி, விழுந்த இடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மாடுகளை விற்றபிறகு அந்தக் கொட்டகை சும்மா கிடந்தது. போன வருஷம் ஆடி மாதம் எழிலரசியும் இன்னும் சில பெண்களும் அதில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மெஷின் ஒன்றை வைத்தார்கள். மேலே மூட்டையைக் கொட்டினால் தோல் ஒருபக்கம் பறக்கும், பருப்பு ஒருபக்கம் கொட்டும். சுற்று வட்டார விவசாயிகள் கொண்டுவந்து கொட்டுவார்கள். கூலி பெண்களுக்கு. முன்பெல்லாம் இதே பெண்கள் வியாபாரியின் களத்தில் உட்கார்ந்து கையால் உரித்தவர்கள்தான்.

மெஷினைக் கொண்டுவந்து இறக்கியவள் பெயர் எப்சிபா. திருவண்ணாமலையிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். புடவைக்கு மேல் ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை, கையில் ஸ்பேனர். பெயரைக் கேட்டவுடனே என்ன மதம் என்று தெரிந்துவிட்டது. ஆனால் கழுத்தில் ஒரு சிலுவைகூட இல்லை. அது எனக்குச் சந்தேகமாக இருந்தது. இருந்திருந்தால் அதுவும் சந்தேகமாகத்தான் இருந்திருக்கும், அது வேறு விஷயம்.

இந்தச் சந்தேகத்துக்குச் சரியான வடிவம் கொடுத்தவன் ராமதாஸ். அன்னதானக் குழுத் தலைவன், என் பால்ய சிநேகிதன்.

"மச்சான், நல்லா யோசிச்சுப் பாரு. ஒரு டம்ளர் மோர் ஊத்தறதுக்கு நாம எவ்ளோ பெரிய பேனர் வைக்கிறோம்? அந்தம்மா ஒரு மெஷினையே கொண்டாந்து எறக்கிட்டு, அதுமேல ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டல. அப்ப உள்ளாற எவ்ளோ பெரிய பிளான் இருக்கும்?"

எனக்கு இது ரொம்ப நியாயமாகப் பட்டது. எங்கள் பக்கத்தில் மண்டபத்துக்கு ஃபேன் வாங்கிக் கொடுத்தவர் அதன் றெக்கையில் பெயர் எழுதியிருக்கிறார். ஓடும்போது படிக்க முடியவில்லை என்று, விசேஷத்துக்கு விசேஷம் வந்து சுவிட்சை நிறுத்தி எல்லோருக்கும் காட்டுவார். மக்கள் வேர்த்து வடிந்தபடி படிப்பார்கள். உதவி என்றால் அதுதான் உதவி. பெயர் போடாமல் செய்வது என்றால் என்ன அர்த்தம்?

"அவ மெஷின் சுவிட்சப் போடறதுக்கு முன்னாடி கண்ண மூடிக்கினு எதையோ முணுமுணுக்கறா. நான் பாத்தேன்," என்றேன் நான்.

"ஜெபம்! மல்லாட்டைக்கு ஜெபம் பண்றா!" ராமதாஸ் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். சட்டென்று அவன் முகம் மாறியது. "மச்சான், போன பௌர்ணமிக்குச் சுண்டலுக்கு மல்லாட்டை எங்க வாங்குன?"

நான் கொட்டகையைப் பார்த்தேன்.

"நீ சாப்ட்டியா?"

"ரெண்டு தொன்னை."

"நான் மூணுடா."

இரண்டு பேரும் உள்ளுக்குள் ஏதாவது மாறுகிறதா என்று கவனித்தோம். எனக்குப் பசித்தது. வேறொன்றும் ஆகவில்லை.

சிரிப்பாக இருந்தாலும் விஷயம் சிரிப்பில்லை. ஆடி பிறந்தால் கொட்டகை கொடுத்து ஒரு வருஷம். மேற்கொண்டு விடுவதா, பூட்டுவதா என்று நான் சொல்ல வேண்டும். அங்கே அன்னதானப் பாத்திரங்களை அடுக்கலாம் என்று ராமதாஸ் சொல்லிக்கொண்டிருந்தான். ஊரில் வேறு எங்கும் அந்த மெஷினுக்கு ஏற்ற கரண்டும் இல்லை, இடமும் இல்லை. பூட்டினால் பெண்கள் திரும்பவும் வியாபாரியின் களத்துக்குத்தான் போக வேண்டும். சாவி என் கடையில் ஆணியில் தொங்கியது. தினமும் காலையில் எழிலரசி, சொந்த வீட்டுக்காரி, ஒரு வாடிக்கையாளர் மாதிரி வந்து அதை எடுத்துக்கொண்டு போவாள்; திறந்ததும் திரும்பக் கொண்டுவந்து மாட்டிவிடுவாள்.

"பூட்டணும்னா பூட்டிக்கோங்க," என்று ஒருநாள் சொன்னாள். "ஆனா அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்து நீங்களே சொல்லணும். என்னை அனுப்பக்கூடாது."

அதனால் நான் ஒரு தீர்மானம் வைத்திருந்தேன். இதையெல்லாம் ஏன் செய்கிறாள் என்பதற்கு அவள் வாயால் நேரான பதில் வரட்டும். வந்தபிறகு முடிவு.

வரவில்லை. முதல் தடவை கேட்டபோது, "அண்ணா, அந்த பெல்ட்டைக் கொஞ்சம் இழுத்துப் புடிங்க," என்றாள். பிடித்தேன். கையெல்லாம் கிரீஸ் ஆனதுதான் மிச்சம். இரண்டாம் தடவை, "வேலைங்கண்ணா. ஆபீஸ்ல சம்பளம் குடுக்கறாங்க, வர்றேன்," என்றாள். அது எனக்குப் புரிந்தது. சம்பளம் என்றால் யாருக்கும் புரியும். டவுனில் ஒரு தொண்டு நிறுவனம் இருந்தது, மெஷின் அதன் வழியாகத்தான் வந்தது. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் ராமதாஸ் வந்து, "அந்த ஆபீஸுக்கு யாரு சம்பளம் குடுக்கறா?" என்று கேட்டுத் தூக்கத்தைக் கெடுத்தான்.

பேனர் விழுந்த அன்று, எழிலரசி ஃபோன் செய்து அரை மணி நேரத்தில் எப்சிபா வந்துவிட்டாள். கூரையைப் பார்த்தாள். கிழிந்த என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏணி கேட்டாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். அவள் மேலே ஏறி, தொங்கிக்கொண்டிருந்த ஷீட் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

"ஒரு ஷீட் போச்சுண்ணா. மெஷின் வாய் நசுங்கியிருக்குது, தட்டி எடுத்துடலாம். மோட்டார் தப்பிச்சுது."

"நல்லவேளை. ஏம்மா, நான் ஒண்ணு கேக்கட்டுமா?"

"நான் ஒண்ணு கேக்கட்டுமாண்ணா?" மேலிருந்து குரல் வந்தது. "நீங்க எதுக்கு மோர் ஊத்தறீங்க?"

"அது... நடந்து வர்ற ஜனங்களுக்குத் தாகமா இருக்கும்ல?"

அவள் தரையில் கிடந்த பன்னிரண்டடி முகத்தைத் தலை சாய்த்துப் பார்த்தாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு என் கேள்வியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பேனரில் இருந்ததும் ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

புது ஷீட் வாங்க என் குட்டி வண்டியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். வாங்கி, கட்டி ஏற்றியபின், வண்டி தானாக அந்தத் தொண்டு நிறுவனம் இருந்த தெருவுக்குத் திரும்பியது. நான் திருப்பினேன் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் யாராவது உட்கார்ந்திருப்பார்கள், ஜன்னல் வழியாக ஏதாவது பார்க்கலாம் என்று ஒரு எண்ணம்.

ஷட்டர் இறங்கியிருந்தது. பூட்டில் துரு. பக்கத்து டீக்கடையில் கேட்டேன்.

"அதுவா? மூடி ஒரு வருஷம் ஆகப்போகுதே. எல்லாரும் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க."

"எப்சிபான்னு ஒரு அம்மா..."

"எப்சிபாவா? அது இங்கதான் பஸ் ஸ்டாண்டு பின்னாடி இருக்குது. வீட்டுக்காரரு மோட்டார் காயில் கட்டற கடை வெச்சிருக்காரு. காலைல அதுவும் உக்காந்து காயில் கட்டும். அப்புறம் ஸ்கூட்டிய எடுத்துக்கினு ஊர் ஊரா போயிடும்." டீக்காரர் பாய்லரைத் துடைத்தபடி சொன்னார். "ஏன், உங்க மோட்டார் எதுனா போயிடுச்சா?"

போனது என் மோட்டார்தான். அப்படியானால் இந்த ஒரு வருஷமும் சம்பளமே இல்லை. பெல்ட் மாற்ற வந்தது, சல்லடை மாற்ற வந்தது, இன்று கூரை ஏறியது, எல்லாம் சும்மா. சும்மா ஒருத்தி எதற்கு வருவாள்? சம்பளம் என்று எதற்குப் பொய் சொல்வாள்? ராமதாஸ் சொன்ன பிளான் என் கண் முன்னால் மலை மாதிரி எழுந்தது. எங்கள் ஊரில் ஏற்கெனவே ஒரு மலை இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் இது. இன்றைக்கே பூட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். வண்டியில் வரும்போதே என்ன பேச வேண்டும் என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் பயந்துபோய் முன்னால் நகர்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது எழிலரசி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வெயில் இறங்கியபிறகுதான் அவளுக்குச் சாப்பிடவே நேரம் கிடைத்திருக்கிறது. கத்திரிக்காய் காரக்குழம்பு. சோற்றைக் குழம்பு விட்டுப் பிசைந்து, விரல்களை நக்கி, திரும்பப் பிசைந்தாள்.

நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

மல்லாட்டை உரிக்கிறவர்களுக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெடித்திருக்கும். ஓடு கீறிக் கீறி நகக்கண்ணில் ரத்தம் கட்டியிருக்கும். அதில் புளியும் மிளகாயும் பட்டால் உயிர் போகும். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து, சீசன் முழுக்க எழிலரசி ஸ்பூனில்தான் சாப்பிடுவாள். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இடுப்பிலிருந்து ஒரு ஸ்பூனை எடுப்பாள். 'எங்க வீட்டு மகாராணி' என்று நான் எல்லோருக்கும் எதிரில் கிண்டல் செய்திருக்கிறேன். அவளும் சிரிப்பாள். அந்த ஸ்பூனைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

"இன்னா அங்கயே நின்னுட்டீங்க? ஷீட் வாங்கியாச்சா?"

"உன் ஸ்பூன் எங்க?"

"எந்த ஸ்பூன்?" கொஞ்சம் யோசித்தாள். "அதுவா? உப்பு டப்பாவுல போட்டு வெச்சிருக்கறேன். ஏன், உங்களுக்கு வேணுமா?"

"வேணாம்."

ஒத்திகை பார்த்துவைத்த பேச்சில் பாதி அங்கேயே மறந்துபோனது. பாதி இன்னும் இருந்தது. சும்மா வருகிறவள் எதற்கு வருகிறாள்? அது போகவில்லை. விரல் ஆறியதற்காகச் சந்தேகமும் ஆறிவிடுமா?

கொட்டகைக்குப் போனேன். ராமதாஸ் எனக்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தான், பின்னால் தள்ளுவண்டியில் அன்னதானக் குண்டான்களோடு. எப்சிபா தரையில் உட்கார்ந்து மெஷினின் நசுங்கிய வாயைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"மச்சான், சாமியே கூரையப் பிரிச்சுக் காட்டிட்டாரு. இதுக்கு மேல இன்னா வேணும்? கேளு," என்றான் ராமதாஸ் காதருகில். அவன் காதருகில் பேசினால் தெருமுனை வரை கேட்கும்.

"ஏம்மா," என்றேன். "ஆபீஸ்ல சம்பளம் குடுக்கறாங்கன்னு சொன்னீங்க. ஆபீஸப் பாத்துட்டு வர்றேன். பூட்டு துருப் புடிச்சுக் கெடக்குது."

சுத்தியல் நின்றது.

"பாத்தியா, பாத்தியா!" என்றான் ராமதாஸ்.

"ஆமாண்ணா. பொய்தான் சொன்னேன்," என்றாள் எப்சிபா. எழுந்திருக்கவில்லை. "சம்பளம்னு சொன்னா அதோட விட்டுடறாங்க. மேல யாரும் கேக்கறதில்ல. நெசத்தச் சொன்னா கேட்டைச் சாத்திடறாங்க. இதுக்கு முன்னாடி ஒரு ஊர்ல நெசத்தச் சொன்னேன். மறுநாளே மெஷினத் தூக்கித் தெருவுல வெச்சுட்டாங்க. எனக்கு ஒண்ணுமில்ல, நான் வீட்டுக்குப் போயிட்டேன். அங்க இருந்த பொம்பளைங்கதான் திரும்பக் களத்துக்குப் போனாங்க."

"அப்ப அந்த நெசம் இன்னா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் பின்னால் பார்த்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்த எழிலரசி அங்கே நின்றிருந்தாள். எப்சிபாவின் கண் அவளிடமிருந்து என் கைக்கு வந்தது. என் கையில் கொட்டகைச் சாவி இருந்தது. பூட்டுவதற்காகக் கடையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே கேள்வி கேட்டிருக்கிறேன், நானே கவனிக்கவில்லை.

"அண்ணா, அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வருஷமாக நான் கேட்டதெல்லாம் இப்படித்தான், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு. இந்தச் சாவியைப் பார்த்துக்கொண்டு யார் நேராகப் பதில் சொல்வார்கள்? நானாக இருந்தால் வாயில் வந்த பொய்யையெல்லாம் சொல்லியிருப்பேன். நல்ல பொய்யாகவும் சொல்லியிருப்பேன்.

"எழிலு, இந்தா."

சாவியை அவள் ஈரக் கையில் வைத்தேன். "இனிமே இது உங்கிட்டயே இருக்கட்டும். கடைக்கு வந்து எடுக்க வேணாம். எத்தினி வருஷம் வேணுமோ ஓட்டிக்கோங்க."

எழிலரசி சாவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். சாவியை இடுப்பில், முன்பு ஸ்பூன் இருந்த இடத்தில் செருகிக்கொண்டாள்.

"டேய்! கேள்விய முடிக்கறதுக்கு முன்னாடியே குடுத்துட்டியேடா!" ராமதாஸ் தலையில் அடித்துக்கொண்டான். "குண்டான நான் எங்கடா வைக்கறது?"

"என் தலைமேல வை." நான் எப்சிபாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன். "அம்மா, இப்ப எங்கிட்ட ஒண்ணும் இல்ல. நீங்க இன்னா சொன்னாலும் கொட்டகை அவங்களுதுதான். ஆனா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. இப்பவாவது சொல்லுங்க. எதுக்கு இதெல்லாம்? எங்கள மதம் மாத்தறதுக்கா?"

அவள் சுத்தியலைக் கீழே வைத்தாள். சட்டை நுனியில் கையைத் துடைத்தாள். இந்தத் தடவை என் கண்ணைப் பார்த்தாள்.

"ஏசுவுக்காகண்ணா."

ராமதாஸ் "ஹா!" என்று ஒரு சத்தம் போட்டான். அவள் நிறுத்தவில்லை.

"எங்க சாமி கோயில்ல மட்டும் உக்காந்திருக்கறவரு இல்ல. பசியோட, விரல் வெடிச்சு எவ உக்காந்திருக்கறாளோ அவ பக்கத்துல போய் உக்காந்துக்குவாரு. அவரப் பாக்கணும்னா நான் அங்கதான் வந்தாவணும். வேற வழி எனக்குத் தெரியல. ஆபீஸ் மூடிட்டாங்கங்கறதுக்காக அவரு எழுந்து போயிடுவாரா? அதான் நானும் போகல."

"அப்ப மாத்தறதுக்கு இல்லன்ற?" என்றான் ராமதாஸ்.

"நீங்கல்லாம் அவரத் தெரிஞ்சுக்கணும்னு ஆசை இருக்குதான்னு கேட்டா, இருக்குதுண்ணா. இல்லன்னு சொன்னா அது ரெண்டாவது பொய். தெனமும் ஜெபத்துல எழிலக்கா பேரு சொல்றேன், பிரகாஷண்ணா பேரு சொல்றேன், உங்க பேரும் சொல்றேன்."

ராமதாஸ் ஒரு அடி பின்னால் போனான். குண்டான் முட்டியது. "என் பேரா? என் பேர வெச்சு இன்னா சொல்ற?"

"உங்களுக்குச் சக்கரை கம்மியாவணும்னு."

ராமதாஸ் என்னைப் பார்த்தான். நான் உதவிக்குப் போகவில்லை.

"சுவிட்சு போடறப்ப முணுமுணுக்கறியே, அது?" என்று மெதுவாகக் கேட்டான்.

"யாரு முந்தானையும் பெல்ட்டுல மாட்டக்கூடாதுன்னு." அவள் திரும்ப என்னைப் பார்த்தாள். "ஆனா, மெஷினக் காட்டி 'எங்க சாமிகிட்ட வாங்க'ன்னு ஒரு வார்த்த நான் கேட்டேன்னா, அவரக் கடையில வெச்சு வித்த மாதிரி ஆயிடும்ணா. அத நான் செய்ய மாட்டேன். கடைசி வரைக்கும் நீங்க ஒருத்தரும் மாறலன்னாலும் பரவால்ல. பெல்ட் அறுந்தா ஃபோன் பண்ணுங்க. வருவேன்."